ஞாயிற்றுக்கிழமை அளந்த பதினெட்டு நிமிடம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஓர் அம்மாள் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இவங்கதான்டா உன்ன வெளிய எடுத்தவங்க" என்று என் முன்னால் நிறுத்திவிடுவாள். அந்தப் பிள்ளை ஆறடி உயரத்தில், தாடியும் மீசையுமாக, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடிவிடும். எனக்குச் சிரிப்பு வரும். பெருமையாகவும் இருக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்?

நித்யா அப்படிக் கல்யாண வீட்டில் வந்து நின்றவள் அல்ல. சென்ற வருடம் ஏழு மாத வயிற்றோடு என் வீட்டுக்கே தேடி வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பெரும்பாக்கம் பக்கம் சொந்த ஃப்ளாட். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். "ஆன்ட்டி, நான் பொறந்த மாதிரியே என் ரெண்டாவது பாப்பாவாவது வீட்லதான் பொறக்கணும். நீங்க பக்கத்துல இருந்தா போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்படிப் பொறந்தேன்னு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"அம்மாதான். காலையில எட்டு மணிக்கு மேல பத்தே நிமிஷத்துல வந்துட்டேனாம். ஒரு ஊசி கூடப் போடலையாம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, தெருவுக்கே சக்கரை குடுத்தாங்களாம்."

அவள் அம்மா விஜயா மகளுக்கு முதல் கால் மணி நேரத்தை மட்டும் சொல்லியிருக்கிறாள். மீதியை நான் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதை இங்கே எழுதியும் வைக்கிறேன். ஏனென்றால் இப்போது வேலையில் இருக்கும் செவிலியர் பெண்களும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, உங்க காலத்துல வீட்லயேதான பிரசவம் பாத்தீங்க, எல்லாரும் நல்லாத்தான இருந்தாங்க?" என்று கேட்கிறார்கள். எல்லாரும் நல்லா இருக்கவில்லை என்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

என் பெயர் ஞானசுந்தரி. ஞானம் சிஸ்டர் என்றால்தான் பலருக்குத் தெரியும். பதினெட்டு மாதப் பயிற்சி முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக மாடம்பாக்கம் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொம்மையை வைத்துப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், பொம்மைக்கு ரத்தம் வராது.

என் மேலதிகாரி டாக்டர் வசந்தா. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அதிகாரி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ரவிக்கையில் குத்தியிருக்கும் பச்சை மைப் பேனா, எந்த நேரத்திலும் உயராத குரல். திட்டவே மாட்டார். திட்டினால் பரவாயில்லையே என்று நாங்கள் ஏங்கும்படி கேள்வி கேட்பார். ஒரு முறை, "அந்தம்மாவுக்கு நிறைய ரத்தம் போச்சு மேடம்" என்றேன். "நிறையன்னா எத்தனை துணி?" என்றார். "எண்ணலையே மேடம்" என்றேன். "எத்தனை துணின்னு தெரியாம நிறையன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் எட்டாம் மாதமே பழைய பருத்திப் புடவையைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, ஒரே அளவாகக் கிழித்து அடுக்கிவைக்கச் சொல்லிவிடுவேன். பிரசவத்துக்குப் பிறகு எத்தனை துணி எத்தனை நேரத்தில் நனைகிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பேன்.

வீட்டில் பிரசவம் பார்ப்பதற்கு டாக்டரிடம் ஒரு முறை இருந்தது. முதல் பிரசவம் என்றால் வீட்டில் கூடாது. நான்குக்கு மேல் பெற்றவள் என்றால் கூடாது. கால் வீக்கம், ரத்தக் கொதிப்பு, சோகை, குட்டை உருவம், முன்பு ஆபரேஷன் எதுவும் இருக்கக் கூடாது. இதெல்லாம் எல்லா இடத்திலும் இருப்பதுதான். அவர் சேர்த்தது வண்டி. பிரசவ வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்காமல் நான் என் அலுமினியப் பெட்டியைத் திறக்கக் கூடாது. அதுவும் போதாது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அதே வண்டியில், அதே டிரைவரோடு, அந்த வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்து, எத்தனை நிமிடம் என்று கர்ப்பிணி அட்டையின் மூலையில் சிவப்பு மையில் எழுத வேண்டும். அரை மணிக்கு மேல் ஆனால் வீட்டில் கிடையாது. அரை மணிக்குள் இருந்தால் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

இதை வைத்துத் தெருவில் எனக்கு நல்ல கேலி. "நர்சம்மா பிரசவம் பாக்க வந்துகீறாங்களா, ஊர்வலம் வுட வந்துகீறாங்களா?" என்பார்கள். வாசலில் வண்டியை நிறுத்தினால் அபசகுனம் என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு வீட்டில் வண்டி மேல் வேப்பிலை கட்டிச் சமாதானம் செய்துகொண்டார்கள். கட்டிக்கொள்ளட்டும், வண்டி நின்றால் சரி என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வீட்டிலேயே பெற வேண்டும், ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தாம்பரத்தில் ரயில் பாதையைத் தாண்டினால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அன்றைக்கு அந்தப் பிரசவ வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், கால்மாடு தலைமாடாகப் படுத்திருப்பார்கள். புருஷன் வெளியே, அம்மா வெளியே. வலியில் கத்தினால் அடி விழும். விஜயா முதல் பிள்ளையை அங்கேதான் பெற்றாள். தொடையில் ஐந்து விரலும் பதிய ஓர் ஆயா அறைந்து, சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன். இரண்டாவது உண்டானபோது என்னிடம் வந்து, "செத்தாலும் அங்க போவ மாட்டேன் நர்சம்மா. நீயே பாரு" என்றாள். நான் அவளை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அந்த வார்டை நானும் பார்த்தவள்தான்.

விஜயாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. கணவர் ஏழுமலைக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. உடம்பு திடமான பெண். டாக்டரின் பட்டியலில் எதிலும் சிக்கவில்லை. வண்டிக்கு, அதே தெருவில் இருந்த மணியின் ஆட்டோ.

அளந்து பார்க்க ஞாயிற்றுக்கிழமை போனோம். அன்றைக்குத்தான் ஏழுமலைக்கு லீவு, மணிக்கு ஸ்கூல் சவாரி கிடையாது, எனக்கும் தடுப்பூசி முகாம் இல்லை. எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் அளப்பேன். விஜயா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட் திறந்திருந்தது. மணி பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டுத் திரும்பினோம். பதினெட்டு நிமிடம். சிவப்பில் எழுதினேன், டாக்டர் பச்சையில் கையெழுத்துப் போட்டார்.

வலி கண்டது ஒரு புதன்கிழமை. விடிந்ததும் ஏழுமலை சைக்கிளில் வந்துவிட்டார். நான் போனபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, துணி அடுக்கு தயாராக இருந்தது, மணியின் ஆட்டோ வாசலில் நின்றது. பெட்டியைத் திறந்தேன். கத்தரி, கிளிப், நூல் எல்லாவற்றையும் இருபது நிமிடம் கொதிக்கவைத்தேன். நகத்தை வெட்டிக்கொண்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பெண் குழந்தை. பிறந்ததுமே வீடு அதிர அழுதது. பத்து நிமிடத்தில் நஞ்சுக்கொடியும் விழுந்தது. அதைத் தட்டில் விரித்துவைத்து, எந்தத் துண்டும் உள்ளே தங்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். ஏழுமலையின் அக்கா சர்க்கரை டப்பாவோடு தெருவில் இறங்கிவிட்டார். விஜயா சிரித்துக்கொண்டே, "காப்பி குடு நர்சம்மா, பசிக்குது" என்றாள்.

நித்யாவுக்குத் தெரிந்த கதை இதோடு முடிகிறது.

மூன்றாவது துணி வரை சரியாக இருந்தது. நான்காவது சீக்கிரம் நனைந்தது. ஐந்தாவதை வைத்துக் கையை எடுப்பதற்குள் நனைந்துவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை பிறந்தபின் கர்ப்பப்பை தொப்புளுக்குக் கீழே தேங்காய் மாதிரி கெட்டியாக உருள வேண்டும். விஜயாவுக்கு அது பிசைந்த மாவு மாதிரி இருந்தது. அது சுருங்கினால்தான் ரத்தக் குழாய்கள் மூடும். வயிற்றைத் தேய்த்தேன், கெட்டியாயிற்று. கையை எடுத்தேன், தளர்ந்தது. குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தேன். குழந்தையைச் சப்பவிட்டால் பை சுருங்கும் என்று அவள் மார்பில் போட்டேன். ஊசியே போடவில்லை என்றாளே நித்யா, இரண்டு போட்டேன். என்னிடம் இருந்ததே அவ்வளவுதான்.

ஏழாவது துணியில் எழுந்துவிட்டேன். "மணி, வண்டிய எடு."

குழந்தையை ஏழுமலையின் அக்காவிடம் கொடுத்துவிட்டு, விஜயாவை ஜமக்காளத்தோடு தூக்கி ஆட்டோவில் கிடத்தினோம். நான் கீழே முட்டி போட்டு, தொப்புளுக்கு மேலே என் முஷ்டியை வைத்து, முதுகெலும்பு வரைக்கும் அழுத்தினேன். கீழே போகும் பெரிய ரத்தக் குழாயை அப்படி அழுத்தினால் ஒழுகுவது குறையும். எட்டு முப்பத்து மூன்றுக்குக் கிளம்பினோம். எட்டே நிமிடத்தில் மணி கேட்டுக்கு வந்துவிட்டான்.

கேட் மூடியிருந்தது.

புதன்கிழமை காலை, ஆபீஸ் நேரம். எங்களுக்கு முன்னால் இரண்டு பஸ், ஒரு லாரி, எண்ண முடியாத சைக்கிள்கள். மின்சார ரயில் ஒன்று போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒன்று வந்தது. அதற்கும் திறக்கவில்லை. மணி இறங்கி ஓடிப்போய்க் கேட் கீப்பரிடம் கத்தினான். "அண்ணா, ஒரு உசுரு போய்கினு கீதுண்ணா! தூக்குண்ணா!"

அவர் குரல் எனக்குக் கேட்டது. "சிக்னல் குடுத்தாச்சுப்பா. இனிமே லீவர் என் கையில இல்ல. நானே நெனச்சாலும் தூக்க வராது. பின்னாடி தெக்கத்தி எக்ஸ்பிரஸ் வேற லேட்டா வந்துகினு கீது."

அவர் சொன்னது உண்மை. ரயிலுக்கு வழி கொடுத்துவிட்டால் அந்தக் கேட் பூட்டிக்கொள்ளும். அவர் மீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. கோபமெல்லாம் என் மேல்தான். ஆறு வருடமாகத் தினமும் அந்தக் கேட்டில் நின்றவள் நான். திங்கள் முதல் சனி வரை காலையில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அட்டையில் எழுதும்போது மட்டும் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

விஜயாவின் உதடு வெளுத்துவிட்டது. "தூக்கம் வருது நர்சம்மா" என்றாள். "தூங்கினா அறைவேன்" என்றேன். அந்த ஆயா சொல்லியிருக்கக் கூடிய வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது.

இனி நிற்பதில் பயனில்லை என்று முடிவு செய்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற ஆண்களைப் பார்த்து, "நாலு பேர் வாங்க" என்று கத்தினேன். ஆறு பேர் வந்தார்கள். ஜமக்காளத்தின் முனைகளைப் பிடித்துத் தூக்கினார்கள். கம்புக்குக் கீழே குனிந்து நுழைந்தோம். கேட் கீப்பர் சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தின் நடுவில் வந்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்துக் கையைக் காட்டினார். "இப்ப போங்க! ஓடாதீங்க, தடுக்கும். நடங்க!" நடந்தோம். நான் பக்கவாட்டில், அழுத்திய கையை எடுக்காமல் நடந்தேன்.

அந்தப் பக்கம் முதல் வண்டியாக ஒரு பால் வேன் நின்றது. டிரைவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. காலி டப்பாக்களைச் சாலையோரம் இறக்கி வீசிவிட்டு வண்டியைத் திருப்பினார். ஆஸ்பத்திரி வாசலில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பதினைந்து. நாற்பத்திரண்டு நிமிடம்.

இதையும் சொல்லியாக வேண்டும். கத்துகிற, அறைகிற அதே வார்டுதான் அவளைக் காப்பாற்றியது. பத்து நிமிடத்துக்குள் இரண்டு கையிலும் டிரிப். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வயிற்றின் மேலேயும் வைத்துக் கர்ப்பப்பையைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஏற்றுவதற்கு ரத்தம் வந்தது. பாட்டிலை மாட்ட ஸ்டாண்ட் இல்லை. ஓர் ஆயா அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றி, மத்தியானம் வரை நின்றாள். விஜயாவை அறைந்தவள் இவள்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

ஏழுமலை சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்தார். "பொயச்சிக்குவாளா நர்சம்மா?" என்றார். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

விஜயா பிழைத்தாள். நான்காம் நாள் பேசுகிற தெம்பு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தியம் கேட்டாள். "வெளிய யார்ட்டயும் சொல்லாத நர்சம்மா. இப்பவே என் நாத்தனா, பொறந்தவொடனே ஆத்தாள முழுங்கப் பாத்ததுன்னு வாய வெக்கிறா. நாளைக்கு எம்பொண்ணுக்கு அதான் பேராவும். நல்லா பொறந்தான்னு மட்டும் சொல்லு." சரி என்றேன். அந்த நிலைமையில் வேறென்ன சொல்வது? ஆட்டோவில் தூக்கிப் போனது ஒரு தையல் போடத்தான் என்று ஏழுமலையும் சொல்லிவைத்தார். அதனால் தெரு முழுக்க, ஞானம் சிஸ்டர் வீட்டிலேயே சுகப்பிரசவம் பார்த்துவிட்டார் என்ற பேச்சுதான் நின்றது. அந்த மாதமே இன்னும் இரண்டு பெண்கள் எங்களுக்கும் வீட்டிலேயே பாருங்கள் என்று வந்து நின்றார்கள்.

டாக்டர் வசந்தாவிடம் அட்டையைக் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், நிறைய, ரொம்ப என்ற சொற்கள் இல்லாமல். ஏழு துணி, இரண்டு ஊசி, நாற்பத்திரண்டு நிமிடம். அவர் மூலையில் இருந்த பதினெட்டைப் பார்த்தார்.

"எந்தக் கிழமை அளந்தீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை மேடம்."

"எல்லாரோடதும்?"

"எல்லாரோடதும்."

தன் பச்சைக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "நான் கையெழுத்துப் போட்டேனே ஞானம். எந்தக் கிழமைன்னு ஒரு தடவைகூட நான் கேக்கலையே" என்றார். அந்த ஒரு முறைதான் அவர் குரல் கொஞ்சம் உடைந்து கேட்டேன். பச்சைப் பேனாவை மூடி ரவிக்கையில் குத்திக்கொண்டார். "கேட்டுக்கு இந்தப் பக்கம் இனிமே வீட்டுப் பிரசவம் கிடையாது. ஆனா அந்த வார்டுக்குப் போன்னு சும்மா சொல்லவும் நமக்கு வாய் கிடையாது. நாளைக்கு நானே அங்க போறேன்."

போனார். அந்த ஆஸ்பத்திரி அதிகாரியைப் பார்த்து என்ன கேள்வி கேட்டாரோ, தெரியாது. ஒரு மாதம் கழித்து, கர்ப்பிணியோடு நானும் உள்ளே போக அனுமதி கிடைத்தது. அதன்பிறகு ஓய்வு பெறும் வரை அதுதான் என் வேலை. நாள் நெருங்கியதும் அழைத்துப் போவேன், பக்கத்தில் நிற்பேன். யாராவது கையை ஓங்கினால், "இது எங்க பொண்ணு, தொட்டுப் பாருங்க" என்பேன். முதலில் என்னைப் பிசாசு என்றார்கள். தொண்ணூறுகளில் அந்த ஆயாக்களே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் நித்யாவிடம் சொல்லும் முன் விஜயாவிடம் போனேன். "சத்தியத்த ஒடைக்கப் போறேன் விஜயா" என்றேன். அவள் ரொம்ப நேரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ சொல்லாத நர்சம்மா. நானே சொல்றேன்" என்றாள். சொன்னாள். கேட் வரைக்கும்தான் அவளுக்கு நினைவு. அதற்குப் பிறகு நான் சொன்னேன்.

நித்யா அழவில்லை. கோபப்பட்டாள். "முப்பது வருஷமா என் பொறந்த நாள் அன்னிக்கு எல்லாம் இந்தக் கதையை ஏம்மா இப்படிச் சொன்ன?" என்று அம்மாவைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நானும் சும்மா ஆசைப்படல. முதல் டெலிவரியில ஹாஸ்பிட்டல்ல பதினாலு மணி நேரம் தனியா படுக்க வெச்சாங்க. என்ன மருந்து ஏத்துறீங்கன்னு கேட்டா, சும்மா படும்மான்னு சொன்னாங்க. வெளிநாட்ல எல்லாம் ப்ளான் பண்ணி வீட்லயே பெத்துக்கறாங்க. சேஃப்னு படிச்சிருக்கேன்."

"இருக்கும். நான் இல்லைன்னு சொல்லல" என்றேன். "அந்த வீட்டு வாசல்ல என்ன வண்டி நிக்குது, அது எத்தனை நிமிஷத்துல எங்க போய் நிக்குது, அங்க யார் கையை கழுவிட்டு ரெடியா இருக்காங்க, அதையும் படிச்சியா?"

"இப்பதான் கேட்டே இல்லையே. பாலம் கட்டிட்டாங்க. மேப்ல பதினாலு நிமிஷம்னு காட்டுது."

"எந்தக் கிழமை பாத்த?"

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் ஃப்ளாட் வாசலிலிருந்து மூன்று பேரும் அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். நித்யா போனில் கடிகாரத்தை ஓடவிட்டாள். மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஸ்கூல் பஸ், கம்பெனி பஸ், தண்ணி லாரி எல்லாம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. முப்பதாவது நிமிடத்தில் நித்யா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஆஸ்பத்திரி இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.

"சரி ஆன்ட்டி. ஆனா நான் தனியா படுக்க மாட்டேன்" என்றாள்.

"நீ ஏன் தனியா படுக்கணும்? நான் உள்ள வரேன்" என்றாள் விஜயா. தொடையில் அடி வாங்கிய இடம் அது. செத்தாலும் போக மாட்டேன் என்ற இடம். மறுநாளே மூன்று பேரும் போய் அங்கே டாக்டரிடம் உட்கார்ந்து, அம்மா கூட இருக்க வேண்டும், கேட்காமல் மருந்து ஏற்றக் கூடாது என்று பேசி எழுதி வாங்கிக்கொண்டோம்.

எட்டு வாரம் கழித்து ஆண் குழந்தை. எந்தச் சிக்கலும் இல்லை. மூன்றாவது துணிக்கு மேல் தேவைப்படவில்லை என்று விஜயா எண்ணிச் சொன்னாள். வீட்டுக்கு வந்த அன்று நித்யா போன் செய்தாள்.

"ஒண்ணுமே ஆகலையே ஆன்ட்டி" என்று சிரித்தாள். "வீட்லயே பெத்திருக்கலாம்ல?"

"பெத்திருக்கலாம்" என்றேன். "உங்கம்மாவும் முதல் பத்து நிமிஷம் சிரிச்சுட்டுதான் இருந்தா. காப்பி கேட்டா."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பாலைக் கொடு, அப்புறம் பேசலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.